ஹீமோகுளோபின் 8.6: முருங்கைக்கீரையா, செந்தூரமா, மாத்திரையா?

மாடியில துணி காயப்போட்டுட்டு எறங்குறதுக்குள்ள மூச்சு வாங்கும், வயசு நாப்பத்தொண்ணு ஆச்சு, வெயிட்டும் அறுபதைத் தொட்டாச்சு, அதான் போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு ஒரு வருஷத்தை ஓட்டிட்டேன். நடுவுல அரிசி திங்கிற பழக்கம் வேற வந்துடுச்சு. இட்லிக்கு ஊறப்போடும்போது ஒரு கை அள்ளி வாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பேன், என் மாமியார் பாத்துட்டு "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்"னு சிரிச்சாங்க, எனக்குக் கல்யாணம் ஆகி பதினேழு வருஷம் ஆச்சு அத்தை, இனிமே கொட்டி என்ன பண்ணப்போகுதுன்னு நானும் சிரிச்சேன். அரிசி, பல்பம், சாம்பல், ஐஸ்கட்டி இப்படிக் கண்டதையும் திங்கத் தோணுறது உடம்புல இரும்பு கொறைஞ்சதுக்கு ஒரு அறிகுறின்னு அப்போ ரெண்டு பேருக்குமே தெரியாது.

லேப்ல ஹீமோகுளோபின் 8.6னு வந்துச்சு. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனா ரத்தசோகை, 8க்குக் கீழ போனா ரொம்ப மோசம், இது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, நான் மோசத்துக்கு வாசப்படியில நின்னுட்டு இருந்தேன். இது ஒண்ணும் என் வீட்டு அதிசயமில்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில இந்தியாவுல 15லேர்ந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு இருக்கு. பாதிக்கு மேல.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கே வைத்தியமும் வரிசைகட்டி வந்துடுச்சு. அத்தை பேரீச்சம்பழம்னாங்க, அக்கா மாதுளை ஜூஸ், பக்கத்து வீட்டு அக்கா இரும்புச் சட்டி, கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க இன்ஸ்டாகிராம்ல வித்துக்கிட்டு இருக்கிற பீட்ரூட் மால்ட், என் வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு செந்தூரம்ங்கிற சித்த மருந்து, டாக்டர் இரும்பு மாத்திரை, இன்னொரு டாக்டர் இரும்பை ட்ரிப்பா ஏத்திடலாம்னாரு. எல்லாரும் அக்கறையாதான் சொன்னாங்க, ஆனா ஒருத்தர் கூட எவ்வளவு, எத்தனை நாள்னு சொல்லல. அதனால நானே உக்காந்து கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதுறேன், உங்களுக்கும் இதே குழப்பம் இருந்தா உதவும்.

முதல்ல பள்ளம் எவ்வளவு ஆழம்னு பாக்கணும். டாக்டருங்க ஒரு ஃபார்முலா வச்சிருக்காங்க: உடம்பு எடை கிலோவுல, ஹீமோகுளோபின் எவ்வளவு கொறையுதோ அது, ரெண்டையும் பெருக்கி அதை 2.4ஆல பெருக்கணும், அப்புறம் கையிருப்புக்குன்னு ஒரு 500 மி.கி. சேத்துக்கணும். எனக்கு 60 கிலோ, 12க்குப் போக 3.4 பாக்கி, பெருக்கினா 490 மி.கி., கையிருப்போட சேத்தா கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு கிராம் இரும்புன்னா ஒரு சின்ன ஆணி. அந்த ஒரு ஆணி உடம்புல இல்லாததாலதான் மாடிப்படியில உக்காந்துட்டேன்னு நெனைச்சா சிரிப்பாவும் இருந்துச்சு, கடுப்பாவும் இருந்துச்சு. அந்த ஆணியை உள்ள கொண்டுபோறது எது, எத்தனை நாள்ல, வயித்துக்கு என்ன பாடு, பையில எவ்வளவு காசு, இதுதான் கேள்வி. இயற்கையா கெமிக்கலாங்கிறது ரெண்டாவது கேள்வி, ஏன்னு கீழ செந்தூரத்துக்கு வரும்போது சொல்றேன்.

முருங்கைக்கீரையில ஆரம்பிக்கலாம், அதுதான் நம்ம ஊர்ல எல்லாருக்கும் முதல்ல வாயில வர்றது. பச்சைக்கீரை 100 கிராம்ல இரும்பு 4, 4.5 மி.கி. அளவுல இருக்கு, நல்ல கீரைதான், சந்தேகமே இல்ல. ஆனா கீரையில இருக்கிறது எல்லாம் ரத்தத்துக்குப் போகாது. தாவரத்துல இருக்கிற இரும்பை குடல் உறிஞ்சுறது ரொம்பக் கம்மி, நம்ம சாப்பாட்டுல மொத்தமா 8 சதவீதம்தான் உடம்புல சேரும்னு வச்சுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. வேணும்னு கணக்குச் சொல்லியிருக்கு. எனக்கு இரும்பு பஞ்சம், உடம்பு ஏங்கிக்கிட்டு கொஞ்சம் கூடவே இழுக்கும்னு தாராளமா 10 சதவீதம் போட்டேன். அப்படியும் தினம் 100 கிராம் கீரைக்கு 0.45 மி.கி.தான். 490ஐ 0.45ஆல வகுத்துப் பாருங்க, ஆயிரத்துச் சொச்சம் நாள், மூணு வருஷம்! அதுவும் கையிருப்பைச் சேக்காம, நடுவுல ஒரு சொட்டு ரத்தம் கூட போகாம இருந்தா. 100 கிராம் கீரை ஆயுறதுன்னா என்னன்னு ஆஞ்சவங்களுக்குத் தெரியும், மூணு வருஷம் தினம் அந்தக் காம்பைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது.

பேரீச்சம்பழம் இன்னும் ஏமாத்தம், நல்ல சதைப்பத்தான பழத்துல 100 கிராமுக்கு ஒரு மி.கி. சுமார்தான், மீதி எல்லாம் சர்க்கரை. மாதுளையில 0.3, பீட்ரூட்ல 0.8. செவப்பா இருக்கு, அதனால ரத்தம் ஊறும்னு யாரோ ஒருத்தர் நெனைச்சிருக்காங்க, நம்ம எல்லாரும் தலைமுறை தலைமுறையா ஜூஸ் போட்டுக்கிட்டு இருக்கோம். எள்ளு பரவாயில்ல, 100 கிராமுக்கு 14 கிட்ட வரும், ஆனா 100 கிராம் எள்ளை யாரு திங்கிறது, ஒரு எள்ளுருண்டையில பத்து கிராம் எள்ளு இருந்தா பெருசு. கம்பு 6க்கு மேல, கேழ்வரகு 4.6, கேழ்வரகோட பெரிய பலம் கால்சியம்தான், இரும்புக்குன்னு எடுத்தா கம்பங்கூழ் அதைவிட ஒரு படி மேல.

கறி சாப்பிடுறவங்களுக்கு வேற கதை. கறியில இருக்கிற ஹீம் இரும்பு 15லேர்ந்து 35 சதவீதம் வரைக்கும் சேரும். அதுல நம்ம ஊர்ப் பாட்டிங்க சொல்ற சுவரொட்டி இருக்கே, ஆட்டோட மண்ணீரல், அது சும்மா சொல்லிவச்சது இல்லைங்க, அது பழைய சிவப்பணுக்களைப் பிடிச்சு உடைக்கிற உறுப்பு, 100 கிராம்ல 40 மி.கி. சுற்றி இரும்பு இருக்கு. அதுல எல்லாமே ஹீம் இல்ல, சேமிச்சு வச்ச இரும்பும் கலந்திருக்கு, அதனால குறைச்சலா 10 சதவீதம் போட்டாலும் 4 மி.கி. சேருது, பத்து நாள் முருங்கைக்கீரை ஒரே வேளையில. புள்ளை பெத்தவளுக்கு சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொன்ன கெழவிங்களுக்கு மி.கி. தெரியாது, ஆனா ஆளைத் தெரிஞ்சிருக்கு. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான், கறிக்கடையில விடியக்காலையில போய்ச் சொல்லிவச்சாதான் கிடைக்கும், நாலரை மணிக்கு எந்திரிக்க ஆள் வேணும். ஈரலும் நல்லதுதான், ஆனா அதுல விட்டமின் ஏ ரொம்ப அதிகம், மாசமா இருக்கிறவங்க அடிக்கடி ஈரல் சாப்பிடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

இன்னொண்ணு யாரும் கவனிக்காதது ரேஷன் அரிசி. அதுல செறிவூட்டின அரிசியா, அதாவது சத்து சேத்ததா கொடுத்தா, கிலோவுக்கு 28லேர்ந்து 42.5 மி.கி. வரைக்கும் இரும்பு இருக்கணும்னு விதி, ஃபோலிக் ஆசிடும் விட்டமின் பி12ம் கூட சேத்திருப்பாங்க. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா 8லேர்ந்து 13 மி.கி. வாயில போகுது, அந்தக் கீரையை விட ரெண்டு மடங்கு கிட்ட, சில சமயம் அதுக்கும் மேல. சேர்றது கம்மிதான், அதுல போடுற இரும்பு உப்பு லேசுல கரையாது, ஆனாலும் காசில்லாம வர்றது. எங்க தெருவுல அதை பிளாஸ்டிக் அரிசின்னு சொல்லி முறத்துல போட்டுப் பொறுக்கி வீசுறாங்க, வீசிட்டு வந்து இரும்புக்கு மால்ட் ஆர்டர் போடுறாங்க.

சாப்பாட்டுல எதைச் சேக்குறோங்கிறதை விட எதோட சேக்குறோம், எதைத் தள்ளிவைக்கிறோங்கிறதுதான் பெரிய வித்தியாசம். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்தச் சாப்பாட்டுல சேர வேண்டிய இரும்பு அறுபது சதவீதம் வரைக்கும் கொறைஞ்சுடும், காபி 40 சதவீதம் சுமார், ஆராய்ச்சி பண்ணிப் பாத்த விஷயம். நான் இட்லி சாப்பிட்டு முடிச்ச அடுத்த நிமிஷம் டபரா டம்ளர் இருக்கணும்னு நெனைக்கிற ஆளு, அதை ஒரு மணி நேரம் தள்ளி வச்சதுதான் இந்த மொத்த வைத்தியத்துலயும் எனக்குக் கஷ்டமா இருந்தது, மத்ததெல்லாம் சும்மா. அந்தப் பக்கம் விட்டமின் சி இருந்தா தாவர இரும்பு கூடுதலா சேரும், கீரைக் கூட்டுல எலுமிச்சை பிழியுறது, சாப்பிட்டதும் ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாவோ கடிக்கிறது இதெல்லாம் காசு அதிகமில்லாத வேலை.

இரும்புச் சட்டியும் பொய் இல்ல. எத்தியோப்பியாவுல குழந்தைகளுக்கு இரும்புப் பாத்திரத்துல சமைச்சுக் கொடுத்து, அலுமினியத்துல சமைச்சுக் கொடுத்தவங்களோட ஒப்பிட்டு 1999ல வந்த ஆராய்ச்சியில இரும்புப் பாத்திரக் குழந்தைங்களுக்கு ஹீமோகுளோபின் நல்லாவே ஏறியிருந்துச்சு. புளிப்பு இருந்தா இரும்பு கூட இறங்கும், அதனால தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு மாதிரி ஐட்டத்துக்குச் சட்டி சரியான ஆளு, தோசைக்கல்லுல ரெண்டு நிமிஷம் வேகுற தோசையில பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குச்சுன்னு அளக்க வழியே இல்ல, சட்டியோட வயசு, குழம்போட புளிப்பு, எவ்வளவு நேரம் கொதிச்சுச்சு எல்லாத்தையும் பொறுத்து மாறும். 8.6ல நிக்கிற ஆளு இதை மட்டும் நம்பக்கூடாது.

கம்போடியாவுல நடந்த ஒரு கதை இதோட சேந்தது. அங்க இரும்புல மீன் பொம்மை செஞ்சு சூப்புல போட்டுக் கொதிக்கவச்சாங்க, உலகம் பூரா பேசுனாங்க, ஆனா 2017ல வந்த பெரிய ஆராய்ச்சியில ரத்தசோகைக்கு அது உதவலைன்னு தெரிஞ்சுது. காரணம் என்னன்னா அந்தப் பகுதிப் பொம்பளைங்கள்ல நிறைய பேருக்கு ரத்தசோகை இருந்தது இரும்பு கொறைஞ்சதால இல்ல, பரம்பரையா வர்ற ஹீமோகுளோபின் கோளாறால. நம்ம ஊர்லயும் அந்த மாதிரி தாலசீமியாங்கிற பரம்பரைக் கோளாறுக்கு கேரியரா இருக்கிறவங்க உண்டு, அவங்களுக்கு இரும்பு கொறையாமலே ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும், அவங்க தேவையில்லாம இரும்பா முழுங்கினா உடம்புல தேங்கிடும். சைவம் மட்டும் சாப்பிடுறவங்கள்ல பல பேருக்கு விட்டமின் பி12 கொறையுறதுதான் பிரச்சனை. அதனால கீரையோ செந்தூரமோ மாத்திரையோ எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி சி.பி.சி.ங்கிற ரத்த அணுக்கள் டெஸ்ட்டும் ஃபெரிட்டினும் ஒரு தடவை பாத்துடுங்க. ஃபெரிட்டின்தான் கையிருப்பு, பேங்க் பாஸ்புக் மாதிரி, 15க்குக் கீழ இருந்தா கணக்குல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், எனக்கு 6 இருந்துச்சு.

பொடியும் கேப்சூலும் பத்தி நீட்டி எழுத ஒண்ணுமில்ல. காஞ்ச முருங்கைப் பொடியில 100 கிராமுக்கு 28 மி.கி. இருக்குன்னு டப்பாவுல பெருசாப் போட்டிருப்பாங்க, சரி, ஆனா நீங்க முழுங்குற ரெண்டு கேப்சூல்ல ஒரு கிராம்தான் பொடி, 0.28 மி.கி. இரும்பு, அதுல பத்துல ஒண்ணு சேந்தா நான் கால்குலேட்டர்ல புள்ளிக்கு அப்புறம் சைபர் எண்ணிக்கிட்டு இருக்கணும். ஸ்பைருலினாவும் கிட்டத்தட்ட அதே நம்பர்தான். பீட்ரூட் மால்ட் டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், முதல்ல நாட்டுச்சர்க்கரை, அப்புறம்தான் பீட்ரூட்டே வருது. அந்த டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லல, அவங்க வீட்டு வருமானம் அது, ஒரு டப்பா வாங்கி பையனுக்குப் பால்ல கலந்து கொடுத்துட்டேன். மல்டிவிட்டமின்லயும் கவனம் வேணும், கால்சியமும் இரும்பும் ஒரே மாத்திரையில இருந்தா கால்சியம் இரும்பைத் தடுக்கும்.

இப்போ செந்தூரம். சித்த மருத்துவத்துல ரத்தசோகைக்குப் பாண்டுன்னு பேரு, அதுக்கு அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், கரிசாலை லேகியம்னு ஒரு வரிசையே இருக்கு, வள்ளலார் கரிசலாங்கண்ணியைத் தலையில தூக்கிவச்சுக் கொண்டாடினதும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என் வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு "கெமிக்கல் மாத்திரை வேணாம்மா, அன்னபேதி எடுங்க, சுத்தமான இயற்கை"ன்னாரு. நான் போய்த் தேடிப் பாத்தா எனக்கு ஒரே சிரிப்பு. அன்னபேதின்னா என்ன தெரியுமா? ஃபெரஸ் சல்ஃபேட். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கொடுக்குற இரும்பு மாத்திரையில இருக்கிற அதே ஃபெரஸ் சல்ஃபேட்தான் நாட்டு மருந்துக் கடையில பச்சைக் கல்லா அன்னபேதிங்கிற பேர்ல உக்காந்திருக்கு! சித்தருங்க அதைச் சுத்தி பண்ணி, எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைச்சு, வில்லை தட்டிக் காயவச்சு, புடம் போட்டுச் சுட்டு எடுப்பாங்க, சுட்டதும் அது செவந்து இரும்பு ஆக்சைடாப் போயிடும், செந்தூரங்கிற பேரே அந்தச் செவப்பாலதான். அதனால இயற்கையா கெமிக்கலான்னு நடக்குற சண்டை இந்த இடத்துல படுத்துடுது, ரெண்டு பக்கமும் ஒரே சரக்கு, பக்குவம்தான் வேற.

இதை நக்கலுக்குச் சொல்லல. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளுத்துப்போன ஆளுக்கு இரும்பைக் கொடுக்கணும்னு கண்டுபிடிச்சு, அதை எலுமிச்சை, நெல்லிக்காய், மாதுளையோட சேக்கணும்னு யோசிச்ச மூளை சாதாரண மூளையா. தாம்பரம் சானடோரியத்துல இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இன்னும் சில நிறுவனங்களும் சேந்து வளரிளம் பெண்களுக்கு 45 நாள் நாலு மருந்து கொடுத்துப் பாத்தாங்க: அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம். 2,648 பேர் சேந்து 2,300 பேர் முடிச்சாங்க, ஹீமோகுளோபின் ஏறுச்சு, சோர்வு, தலைவலி எல்லாம் கொறைஞ்சுதுன்னு 2024ல செய்தியா வந்துச்சு. நல்ல விஷயம், ஆனா அது மருந்துக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பாக்குற கணக்கு, ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையையும் செந்தூரத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஓடவிட்ட பந்தயம் இல்ல. அதனால மாத்திரையை விட நல்லதுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது, வேலை செய்யுதுன்னு சொல்லலாம்.

எனக்குச் செந்தூரத்துல இருக்கிற பயம் மருந்து மேல இல்ல, டப்பா மேல. அமெரிக்காவுல 2008ல, இன்டர்நெட்ல விக்கிற ஆயுர்வேத மருந்து 193ஐ வாங்கி டெஸ்ட் பண்ணினதுல அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் இதுல ஏதாவது ஒண்ணு இருந்துச்சு, அதுலயும் உலோகம் சேத்துச் செய்யிற வகையில 40 சதவீதத்துக்கு மேல. சித்த மருந்துல பாதரசம், கந்தகம் சேந்த செந்தூரங்களும் நிறைய உண்டு, சிவப்புப் பொடி எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், எது அன்னபேதி எது வேறன்னு நமக்குத் தெரியாது. அதனால செந்தூரம் எடுக்கணும்னா பி.எஸ்.எம்.எஸ்.ங்கிற சித்த மருத்துவப் பட்டம் படிச்ச டாக்டர்கிட்ட போங்க. ஜி.ஹெச்.லயும் பல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் சித்தா பிரிவு இருக்கு, அங்க கவர்மெண்டே மருந்து கொடுக்குது. பஸ் ஸ்டாண்டு ஓரமா விக்கிற பொட்டலமும் வாட்ஸாப்ல வர்ற லேபிள் இல்லாத டப்பாவும் வேணவே வேணாம். இன்னொண்ணு, செந்தூரத்தையும் இரும்பு மாத்திரையையும் சேத்து முழுங்காதீங்க, ரெண்டும் இரும்புன்னு இப்போ தெரிஞ்சிடுச்சுல்ல.

மாத்திரை பக்கம் வந்தா, அதோட பேரு கெட்டதுக்குக் காரணம் நியாயமானதுதான். வயித்தைப் பொரட்டும், மலச்சிக்கல், கருப்பாப் போகும் (கருப்பாப் போனா பயப்பட வேணாம், உறிஞ்சாத இரும்பு அது), வாயெல்லாம் துரு நக்கின மாதிரி இருக்கும். மாசமா இருந்தப்போ அந்தச் செவப்பு மாத்திரையை நான் எத்தனை தடவை தொட்டியில போட்டிருக்கேன்னு இப்போ சொல்லிடுறேன், அப்போ சொல்லியிருந்தா நர்சம்மா அடிச்சிருப்பாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, சில பேருக்கு ரெண்டு மூணு எழுதிக் கொடுப்பாங்க, அதுலதான் பாதிப் பேரு பாதியிலயே விட்டுடுறோம்.

ஆனா இப்போ ஒரு விஷயம் மாறியிருக்கு. ஸ்விட்சர்லாந்துல ஜூரிச்ல ஒரு குழு, இரும்புக் கையிருப்பு கொறைஞ்ச 40 பொம்பளைங்களுக்கு 60 மி.கி. இரும்பைத் தினமும் ஒரு குரூப்புக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னொரு குரூப்புக்குன்னு கொடுத்துப் பாத்தாங்க, 2017ல வெளியாச்சு. தினம் எடுத்தவங்களுக்கு 16.3 சதவீதம் சேந்துச்சு, விட்டு விட்டு எடுத்தவங்களுக்கு 21.8. ஏன்னா இரும்பு உள்ள போனதும் கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனை விட்டு குடலோட கதவைச் சாத்திடும், கதவு திறக்க ஒரு நாள் ஆகும், சாத்தின கதவுல மறுநாளும் போய் முட்டினா இரும்பு வயித்துல கெடந்து பொரட்டுறதுதான் மிச்சம். என் டாக்டரம்மாகிட்ட இதைக் கேட்டேன், "தாராளமா விட்டு விட்டு எடுங்க, நீங்க விடாம எடுத்தாலே போதும்"னாங்க. ஆனா இது எனக்குச் சொன்னது, கர்ப்பிணிகளுக்கு நம்ம அரசுத் திட்டத்துல தினம் ஒண்ணு, 180 நாள்னு இருக்கு, அவங்க நர்ஸ் சொல்றபடியே எடுக்கட்டும்.

கணக்கு இங்கயும் போட்டேன். 60 மி.கி.ல 20 சதவீதம்னா 12, ரெண்டு நாளைக்கு ஒருதரம். 490ஐ 12ஆல வகுத்தா 41 மாத்திரை, 82 நாள். மூணு வருஷக் கீரை எங்க, மூணு மாச மாத்திரை எங்க! அதுக்கப்புறம் கையிருப்பு நிரம்ப இன்னொரு மூணு மாசம். 12 வந்துடுச்சுன்னு நிறுத்தினா மறுபடி இறங்கிடும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அப்புறம், மாத்திரையோட விட்டமின் சி கட்டாயம்னு ஒரு பேச்சு இருக்கு, 2020ல சீனாவுல 440 பேரை வச்சு பாத்தப்போ மாத்திரையோட விட்டமின் சி சேத்தவங்களுக்கும் சேக்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சாப்பாட்டுக்கு எலுமிச்சை உதவும், மாத்திரைக்குன்னு தனியா இன்னொரு மாத்திரை வாங்க வேணாம். டீ, பால், கால்சியம் மாத்திரை, கேஸ் மாத்திரை இதுங்களோட மட்டும் சேக்காதீங்க, தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல இந்த டப்பா கைக்கு எட்டவே கூடாது, மிட்டாய் மாதிரி இருக்கும், நாலஞ்சு முழுங்கினாலே சின்னக் குழந்தை உயிருக்கு ஆபத்து.

ட்ரிப் ஏத்துறது கெட்டது இல்ல, ஆனா எல்லாருக்கும் தேவையில்ல. மாத்திரை ஒத்துக்கவே ஒத்துக்காதவங்க, பிரசவத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கிறவங்க, குடல் உறிஞ்சாதவங்க, ரொம்பக் கீழ போனவங்க, இவங்களுக்கு அது வரப்பிரசாதம். இரும்பு சுக்ரோஸ்னா ஒரு தடவைக்கு 200 மி.கி., அஞ்சு தடவை போகணும், இன்னொரு வகை ஒரே நேரத்துல 1000 மி.கி. வரைக்கும் போகும், விலை கூட. அலர்ஜி அபூர்வமா வரலாம், அதனால வசதி இருக்கிற இடத்துல உக்காந்துதான் ஏத்திக்கணும். எனக்கு ட்ரிப்னு சொன்ன டாக்டர் முதல்ல ஏன் ரத்தம் போகுதுன்னே கேக்கல, அதுனால நான் அந்தப் பக்கம் போகல.

ஏன் போகுதுங்கிறதுதான் எல்லாத்துக்கும் மேல. ஒரு மில்லி நல்ல ரத்தத்துல அரை மி.கி. இரும்பு இருக்கு. மாதவிடாய்ல மாசத்துக்கு 80 மில்லிக்கு மேல போனா அதிகப் போக்குன்னு சொல்றாங்க, அப்படின்னா மாசம் 40 மி.கி. வெளிய. கீரையில மாசம் 13 மி.கி. சேத்து 40 வெளிய விட்டா ஓட்டைக் குடத்துல தண்ணி புடிச்ச கதைதான். ஸ்கேன்ல எனக்கு கர்ப்பப்பையில ஒரு கட்டி, சின்னதுதான், அந்த அஞ்சு நாளுக்கு ரத்தம் கொறைய மாத்திரை கொடுத்தாங்க. புழு இருந்தாலும் இப்படி ஆகும், கொக்கிப்புழு குடல்லயே கடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கும், செருப்பில்லாம வயக்காட்டுல நடக்குறவங்க இதைக் கண்டிப்பா யோசிக்கணும், ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை வேலை அது. மூலம் இருந்து சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பேரீச்சம்பழம் திங்கிற ஆம்பளைங்க எத்தனை பேரோ.

அதனால நான் எடுத்த முடிவு இப்படி: 11, 11.5னு கொஞ்சமா கொறைஞ்சிருந்து, வெளிய எங்கயும் ரத்தம் போகலைன்னா, சாப்பாடு, நெல்லிக்காய், டீயைத் தள்ளிவைக்கிறது இதையே ஒரு மூணு மாசம் பாக்கலாம். 10க்குக் கீழ போனா மாத்திரையோ, படிச்ச சித்த மருத்துவர் கையால செந்தூரமோ, ரெண்டுல ஒண்ணு, ஒரு மாசத்துல மறுபடி ரத்தம் பாத்து ஒரு பாயிண்டாவது ஏறலைன்னா வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம், போய்க் கேக்கணும். நான் மாத்திரை எடுத்தேன், கூட சுவரொட்டி ஞாயித்துக்கிழமை கிடைச்சா. நாலு வாரத்துல 9.9, மூணு மாசத்துல 11.8, அரிசி மேல இருந்த ஆசை ரெண்டாவது வாரமே போயிடுச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். கீரை இப்பவும் வாரம் ரெண்டு நாள் செய்யிறேன், ஏறின ரத்தத்தைக் காப்பாத்த அது போதும்.

இதுல ஒரு விஷயம் இன்னும் முடியல. எனக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் பொண்ணு சும்மா இருக்காம அத்தைக்கும் எடுத்துட்டுப் போயிடுச்சு, அவங்களுக்கு 9.4. வயசு 68. "எனக்கு என்ன மாசாமாசம் போகுதா, ரெண்டு பேரீச்சம்பழம் சேத்துத் தின்னா சரியாயிடும்"னு சொல்லிட்டாங்க. மாசாமாசம் போகாத ஆளுக்கு 9.4னாதான் எனக்குப் பயமா இருக்கு, எட்டு வருஷமா முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி தினம் ஒரு வலி மாத்திரை போடுறாங்க, அது வயித்தைப் புண்ணாக்கி உள்ளயே ரத்தம் கசியும். வர்ற திங்கக்கிழமைக்கு எண்டோஸ்கோப்பி சொல்லியிருக்காங்க, வாய் வழியா குழாய் விடுவாங்கன்னு இன்னும் அவங்ககிட்ட சொல்லல, என் வீட்டுக்காரர் சொல்லட்டும்னு இருக்கேன், அவரு நான் சொல்லட்டும்னு இருக்காரு.